96 சதவீதமா, 0.76 சதவீதமா? வெயிலில் பிறக்கும் ஹைட்ரஜன் பற்றிய செய்திகளை எப்படிப் படிப்பது

சூரிய ஒளியை மட்டும் கொண்டு தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் புதிய வினையூக்கி கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. காரைக்குடிப் பக்கத்தில் இதற்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் கிடைப்பது இயல்பு. மின்வேதியியலுக்கென்றே ஏற்பட்ட மத்திய ஆராய்ச்சி நிறுவனம், ஊர்க்காரர்கள் வாயில் ‘சிக்ரி’, இங்கேதான் இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட நிறுவனம் அது. தண்ணீரைப் பிரிப்பது மின்வேதியியலின் மிகப் பழைய வேலைகளில் ஒன்று.

குழப்பம் எண்களில் இருக்கிறது. ஒரு செய்தி 96 சதவீதத் திறன் என்கிறது. இன்னொன்று 9.2 சதவீதத்தையே பெரிய சாதனை என்கிறது. மூன்றாவது 0.76 சதவீதம் என்று சொல்லிவிட்டு அதையும் மைல்கல் என்கிறது. மூன்றும் உண்மை. ஆனால் முதல் எண் அளப்பது ஒன்று, மற்ற இரண்டும் அளப்பது வேறொன்று; அந்த இரண்டும்கூட வெவ்வேறு சூழலில் எடுத்தவை. அது புரிய அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

தண்ணீர் எரிபொருளா?

இல்லை. ஹைட்ரஜன் எரிந்தால் மிஞ்சும் சாம்பல்தான் தண்ணீர். சாம்பலைத் திரும்ப விறகாக்க வேண்டுமென்றால், எரிந்தபோது வெளியே போன ஆற்றலை மறுபடி உள்ளே செலுத்தியாக வேண்டும். ‘தண்ணீரில் ஓடும் வண்டி’ என்று யாராவது வந்து நின்றால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

அளவுகளைப் பார்ப்போம். 9 கிலோ தண்ணீரைப் பிரித்தால் 1 கிலோ ஹைட்ரஜனும் 8 கிலோ ஆக்சிஜனும் கிடைக்கும். இதற்குக் கோட்பாட்டின்படியே குறைந்தது 33 யூனிட் ஆற்றல் தேவை. வினை உறிஞ்சிக்கொள்ளும் வெப்பத்தையும் சேர்த்தால் 39 யூனிட். இங்கே யூனிட் என்பது நம் மின் கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான். இன்றைய எலக்ட்ரோலைசர்கள், அதாவது மின்சாரம் செலுத்தித் தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரங்கள், ஒரு கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் வரை எடுத்துக்கொள்கின்றன.

உலகில் இப்போது தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்து வருவதில்லை. இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயு வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது, பத்து கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. இந்திய அரசு 2023இல் வகுத்த வரையறையின்படி ‘பசுமை ஹைட்ரஜன்’ என்ற பெயர் வேண்டுமானால் அந்த அளவு 2 கிலோவைத் தாண்டக்கூடாது. எனவேதான் வெயிலும் தண்ணீரும் சேர்ந்து ஹைட்ரஜன் தரும் வழியை எல்லோரும் தேடுகிறார்கள்.

வினையூக்கி எதைச் செய்யும், எதைச் செய்யாது

வினையூக்கி ஆற்றல் தராது. நடக்கக்கூடிய வினையை விரைவாக்கும், அவ்வளவுதான். ஆனால் ‘ஒளி வினையூக்கி’ என்பது இரட்டை வேலை பார்க்கும் பொருள். வெயிலை உறிஞ்சுவதும் அதுவே, வினையை நடத்துவதும் அதுவே. பெரும்பாலும் இது ஒரு குறைக்கடத்தி (செமிகண்டக்டர்). மாவு போன்ற துகளாக இருக்கும். அந்தத் துகளுக்குள் வரிசையாக நடப்பவை:

1. ஒளி விழுந்ததும் ஓர் எலக்ட்ரான் தன் இடத்தைவிட்டு மேல்நிலைக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற காலியிடத்துக்குத் ‘துளை’ என்று பெயர்.

2. எலக்ட்ரானும் துளையும் துகளின் மேற்பரப்பை நோக்கி நகர வேண்டும். வழியில் சந்தித்தால் இரண்டும் சேர்ந்துவிடும். வாங்கிய ஒளி வெறும் சூடாகப் போய்விடும். பெரும்பாலான வினையூக்கிகள் தோற்பது இந்தக் கட்டத்தில்தான்.

3. மேற்பரப்பை அடைந்த எலக்ட்ரான்கள் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனை உண்டாக்குகின்றன; துளைகள் ஆக்சிஜனை உண்டாக்குகின்றன. ஹைட்ரஜனுக்கு இரண்டு எலக்ட்ரான் போதும். ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றுக்கு நான்கு துளைகள் அடுத்தடுத்து வந்து சேர வேண்டும். அதனால் ஆக்சிஜன் பக்கம் எப்போதும் மெதுவானது, சிக்கலானது.

மூன்றாம் கட்டத்துக்கு உதவத் துகளின் மேல் பொட்டுப் பொட்டாக வேறு உலோகங்களை வைப்பார்கள். இவை ‘இணை வினையூக்கிகள்’. ஹைட்ரஜன் பக்கத்துக்குப் பிளாட்டினம், ரோடியம். ஆக்சிஜன் பக்கத்துக்குக் கோபால்ட், இரிடியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள். பிளாட்டினத்தில் ஒரு வம்பு உண்டு. ஹைட்ரஜனை உண்டாக்குவதில் எவ்வளவு கெட்டியோ, பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் இரண்டையும் சேர்த்து மறுபடி தண்ணீராக்குவதிலும் அவ்வளவு கெட்டி. ஒரு கையால் செய்ததை மறு கையால் அழிக்கும்.

வெயிலில் எந்தப் பகுதி பயன்படுகிறது

இந்தத் துறையின் தொடக்கம் ஜப்பானில். 1972இல் புஜிஷிமா, ஹோண்டா இருவரும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயில் (எலக்ட்ரோடில்) ஒளி பட்டால் தண்ணீர் பிரிவதைக் காட்டினார்கள். வெள்ளைப் பெயின்டில் கலக்கும் அதே பொருள். மலிவு, நஞ்சில்லை, கரைந்து போவதுமில்லை. இத்தனை நல்ல குணம் இருந்தும் ஐம்பது ஆண்டுகளாக அது ஏன் ஆலைக்குள் நுழையவில்லை?

அது வெள்ளையாக இருப்பதுதான் காரணம். வெள்ளை என்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது உறிஞ்சவில்லை என்று பொருள்.

எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவக் குறைந்தபட்சம் தேவைப்படும் ஆற்றலுக்குப் ‘பட்டை இடைவெளி’ என்று பெயர். டைட்டானியம் டை ஆக்சைடில் அது 3.2 எலக்ட்ரான் வோல்ட். 390 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளிக்குத்தான், அதாவது புற ஊதாவுக்குத்தான், அந்த ஆற்றல் உண்டு. நம் தலைமேல் விழும் வெயிலில் புற ஊதாவின் பங்கு 5 சதவீதத்துக்குள். கண்ணுக்குத் தெரியும் ஒளி பாதிக்குச் சற்றுக் குறைவு. மீதி அகச்சிவப்பு.

அப்படியானால் இடைவெளியைக் குறைத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும் என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் வினை நகர வேண்டுமானால் கூடுதல் உந்துதல் தேவை, 1.8 முதல் 2 வரை வேண்டியிருக்கிறது. இடைவெளியின் அளவு மட்டுமல்ல, அது அமைந்திருக்கும் உயரமும் சரியாக இருக்க வேண்டும். துருவின் முக்கியப் பொருளான இரும்பு ஆக்சைடுக்கு இடைவெளி 2.1தான், அருமையாக ஒளியை உறிஞ்சும். ஆனால் அதன் மேல்நிலை, ஹைட்ரஜன் உண்டாகத் தேவையான மட்டத்துக்கு எட்டவில்லை. கேட்மியம் சல்பைடின் நிலைகள் இரண்டும் சரியாகப் பொருந்துகின்றன. ஆனால் துளைகள் தண்ணீரை விட்டுவிட்டு அந்தச் சல்பைடையே தின்னத் தொடங்குகின்றன. சிலிக்கானுக்கு 1.1, ஒரே தாவலில் தண்ணீரைப் பிரிக்கப் போதாது.

நிறத்தின் விலை என்னவென்று இரண்டு எண்களில் சொல்லிவிடலாம். 400 நானோமீட்டர் வரை மட்டும் உறிஞ்சும் பொருள், ஓர் ஒளித்துகளைக்கூட (ஃபோட்டான்) வீணாக்காமல் வேலை செய்தாலும், மொத்த வெயிலில் சுமார் 2 சதவீதத்தைத்தான் ஹைட்ரஜனாக்க முடியும். அதே பொருள் 600 நானோமீட்டர் வரை உறிஞ்சினால் உச்சவரம்பு 16 சதவீதத்துக்குப் போய்விடும். ஆராய்ச்சிக் கூடங்களில் மஞ்சள், ஆரஞ்சு நிறத் துகள்களுக்கு இவ்வளவு போட்டி இருப்பது இதனால்தான். 2009இல் வந்த கார்பன் நைட்ரைடு ஒரு மஞ்சள் தூள். அதில் உலோகமே கிடையாது, யூரியா, மெலமைன் போன்ற மலிவான பொருள்களைச் சூடாக்கியே செய்துவிடலாம். உலகெங்கும் நூற்றுக்கணக்கான கூடங்கள் அதன்மேல் பாய்ந்ததில் வியப்பில்லை.

மூன்று எண்கள்

இப்போது செய்திகளில் வந்த எண்களுக்கு வருவோம்.

முதலில் 96. ஜப்பானின் டோமென் குழுவினர் 2020இல் அலுமினியம் கலந்த ஸ்ட்ரோன்சியம் டைட்டனேட் துகளில் இதைக் காட்டினார்கள். 350 முதல் 360 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா ஒளியை அதன்மேல் பாய்ச்சினால், நூறு ஒளித்துகளுக்குக் கிட்டத்தட்ட 96 வரை வேலைக்குப் பயன்பட்டன. இதற்குக் ‘குவாண்டம் திறன்’ என்று பெயர்: குறிப்பிட்ட ஒரு நிறத்தில் மட்டும் பார்க்கும் கணக்கு.

அறிவியலாக இது அசாத்தியமான வேலை. அந்தத் துகள் ஒழுங்கான படிகம். அதன் சில முகங்களுக்கு எலக்ட்ரான்களும் வேறு முகங்களுக்குத் துளைகளும் தாமாகவே போய்ச் சேர்கின்றன. எலக்ட்ரான் சேரும் முகத்தில் ரோடியத்தையும் துளை சேரும் முகத்தில் கோபால்ட் சேர்மத்தையும் படிய வைத்தார்கள். படிய வைக்கும் வேலையையும் ஒளியே செய்தது. ரோடியத்தின் மேல் குரோமியம் ஆக்சைடால் மெல்லிய உறை போட்டார்கள். ஹைட்ரஜன் உருவாகத் தேவையானவை அதற்குள் புகுந்து வர முடியும், ஆக்சிஜனால் முடியாது. பிளாட்டினத்தைச் சொன்னபோது வந்த பின்னோக்கிய வினையை இப்படித்தான் தடுத்தார்கள். எலக்ட்ரானும் துளையும் வழியில் சேர்ந்து வீணாவதைக் கிட்டத்தட்ட முழுதாக நிறுத்த முடியும் என்று முதன்முதலாக நிரூபணமானது இங்கேதான்.

ஆனாலும் அந்தத் துகள் உறிஞ்சுவது புற ஊதாவை மட்டும். முழு வெயிலில் வைத்துக் கணக்கிட்டால் திறன் 1 சதவீதத்தைத் தொடவில்லை. இந்த முழு வெயில் கணக்குக்கு ‘சூரிய ஒளி–ஹைட்ரஜன் மாற்றுத் திறன்’ என்று பெயர். விழுந்த மொத்த ஒளியாற்றலில் எத்தனை பங்கு ஹைட்ரஜனில் போய்ச் சேர்ந்தது என்பது. நமக்குப் பயன்படும் எண் இதுதான்.

அடுத்தது 0.76. இது அந்த இரண்டாவது வகை எண். அதே குழுவினர் 2021இல் அதே வகைத் துகளைத் தகடுகளில் பூசி, 100 சதுர மீட்டர் பரப்புக்குத் திறந்த வெளியில் விரித்து, மாதக்கணக்கில் இயக்கினார்கள். கிடைத்த உச்சத் திறன் 0.76 சதவீதம். பார்க்கச் சிறிதாக இருக்கும் இந்த எண்ணைத்தான் நான் மூன்றிலும் பெரிதாக மதிப்பேன். ஆய்வகக் குடுவையை விட்டு வெளியே வந்து மழையையும் வெயிலையும் பார்த்த எண் அது. உருவான வாயுக்கலவையிலிருந்து ஹைட்ரஜனைச் சவ்வு வழியாகப் பிரித்தும் காட்டினார்கள்.

கடைசியில் 9.2. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 2023இல் வெளியிட்டது. பொருள், சிலிக்கான் தகட்டின்மேல் வளர்த்த இண்டியம் காலியம் நைட்ரைடு நுண்கம்பிகள். இதுவும் முழு ஒளிக் கணக்குதான். ஆனால் ஒளியைப் பல மடங்கு குவித்துப் பாய்ச்சினார்கள். சுமார் 70 பாகை வெப்பத்தில் பின்னோக்கிய வினை அடங்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்ட நுட்பம். ஆய்வகத்துக்கு வெளியே, லென்ஸ் வைத்து உண்மையான வெயிலில் செய்தபோது திறன் 6.2 சதவீதம். சின்னத் தகட்டில் நடந்த சோதனை அது. செய்தித் தலைப்பில் 6.2 வரவில்லை, 9.2தான் வந்தது. தலைப்புகளின் குணம் அப்படி.

செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

1. உண்மையில் தண்ணீர்தான் பிரிந்ததா? முக்கியமான கேள்வி இது. பல ஆய்வுகளில் தண்ணீரோடு மெத்தனால், டிரை எத்தனால் அமின், சோடியம் சல்பைடு என்று ஏதோ ஒன்றைக் கலந்திருப்பார்கள். இவை ‘பலிப்பொருள்கள்’. துளைகள் ஆக்சிஜனை உண்டாக்கும் கடினமான வேலையைச் செய்யாமல் இவற்றைத் தின்று திருப்தியடையும். எலக்ட்ரான்களுக்கு வழி திறந்துவிடும். ஹைட்ரஜன் தாராளமாகக் கொப்புளிக்கும். வினையூக்கியின் ஒரு பாதியைத் தனியாகச் சோதிக்க இது நியாயமான முறை. ஏமாற்று வேலை என்று சொல்லக்கூடாது. ஆனால் விலை கொடுத்து வாங்கிய மெத்தனாலை அழித்து ஹைட்ரஜன் எடுப்பதை ‘தண்ணீரிலிருந்து எரிபொருள்’ என்று தலைப்பிடுவது நியாயமில்லை. சரிபார்க்க எளிய வழி உண்டு: ஹைட்ரஜன் இரண்டு பங்குக்கு ஆக்சிஜன் ஒரு பங்கு வந்ததா என்று கட்டுரையில் பாருங்கள். ஆக்சிஜனைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் பலிப்பொருள் இருக்கிறது என்றே கொள்ளலாம்.

2. சதவீதம் எதற்கு? ஒரு நிறத்துக்கா, முழு வெயிலுக்கா? ‘ஒரு கிராமுக்கு மணிக்கு இத்தனை மைக்ரோமோல்’ என்று மட்டும் எண் இருந்தால், அதை வைத்து இரண்டு வினையூக்கிகளை ஒப்பிடவே முடியாது. விளக்கையும் குடுவையையும் மாற்றினால் அந்த எண்ணும் மாறும். தூளைக் குறைவாகப் போட்டாலே கிராமுக்கான கணக்கு ஏறிவிடும்!

3. எத்தனை மணி நேரம்? 1998இலேயே அமெரிக்காவில் கசெலெவ், டர்னர் இருவரும் விலை உயர்ந்த குறைக்கடத்திகளைக் கொண்டு 12.4 சதவீதம் எட்டினார்கள். மின்வாய் தண்ணீரில் அரித்துப்போனதால் அது நாள்கணக்கைக்கூடத் தாங்கவில்லை. கூரையில் வைக்கும் சோலார் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். ‘ஐந்து சுழற்சிக்குப் பின்னும் திறன் குறையவில்லை’ என்ற வரியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

நம் ஊர்க் கணக்கு

தென் தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரியாக ஒரு சதுர மீட்டரில் நாளுக்குச் சுமார் 5 யூனிட் சூரிய ஆற்றல் விழுகிறது. செட்டிநாட்டு வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஒரு வீட்டு மொட்டைமாடியில் 100 சதுர மீட்டர், அதாவது ஆயிரம் சதுர அடிக்குச் சற்று மேல், ஜப்பானியத் தகடுகளைப் பரப்பியதாக வைத்துக்கொள்வோம். உச்சத் திறனான 0.76 சதவீதமே நாள் முழுக்கக் கிடைத்தாலும் ஒரு நாளைக்கு சுமார் 115 கிராம் ஹைட்ரஜன். சமையலுக்கு வரும் 14.2 கிலோ எரிவாயு சிலிண்டருக்கு ஈடான ஆற்றல் 5.4 கிலோ ஹைட்ரஜனில் இருக்கிறது. அதைச் சேர்க்க ஒன்றரை மாதம் பிடிக்கும். அட, பரவாயில்லையே என்று தோன்றலாம். ஆனால் அதே மாடியில் சோலார் பேனல் போட்டால் நாளுக்கு 80 யூனிட் மின்சாரம் வரும். ஒரு சிலிண்டரின் ஆற்றல் இரண்டு மூன்று நாளில் கிடைத்துவிடும். அப்புறம் 5.4 கிலோ ஹைட்ரஜனை அழுத்தாமல் வைக்க 60 கன மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். வீட்டில் ஓர் அறையையே ஒதுக்கினாலும் போதாது.

பெரிய அளவில் பார்க்கலாமே. அழகப்பர் கொடுத்த 300 ஏக்கர் முழுவதையும் அதே தகடுகளால் மூடினால் நாளுக்கு சுமார் 1.4 டன் ஹைட்ரஜன். அதற்குப் பிரியும் தண்ணீர் 12,600 லிட்டர். ஒரு பெரிய டேங்கர் லாரித் தண்ணீர். சுத்திகரிப்பில் கழிவதையும் சேர்த்தால் இரண்டு மூன்று லாரி ஆகலாம். ஊருணியை நம்பி வாழ்ந்த வறண்ட சீமையில் ‘இருக்கிற தண்ணீரையும் ஹைட்ரஜன் குடித்துவிடுமோ’ என்று கேட்பது இயல்பான பயம். இந்தத் திறனில் முதலில் தீர்ந்துபோவது நிலம், தண்ணீர் அல்ல. திறன் பத்து மடங்கு கூடினால் தண்ணீர்க் கணக்கும் பத்து மடங்கு கூடும். அப்போது அந்தக் கேள்வியை மறுபடி எழுப்ப வேண்டியதுதான்.

இன்னொரு தொல்லை: துகள் வழியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே இடத்தில், பற்றிக்கொள்ள மிகத் தோதான 2:1 விகிதத்தில், கலந்து வருகின்றன. காற்றில் ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் தீப்பிடிக்கும். ஜப்பானியர்கள் வேண்டுமென்றே பற்றவைத்துப் பார்த்து, தங்கள் அமைப்பு சேதமாகவில்லை என்று காட்டியது இதற்காகத்தான். 300 ஏக்கருக்கு அந்தக் கலவையைக் குழாயில் கொண்டுபோக எந்தப் பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போடுவார் என்பது வேறு கேள்வி.

அப்படியானால் இந்த ஆராய்ச்சி எதற்கு?

இன்று முன்னால் நிற்பது சோலார் பேனலும் எலக்ட்ரோலைசரும் சேர்ந்த வழி. இரண்டுமே கடையில் கிடைக்கும் பொருள்கள். 20 சதவீதப் பேனல், 60 சதவீதத்துக்கு மேற்பட்ட எலக்ட்ரோலைசர் என்று பெருக்கினாலே 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தனித்தனி வாசலில் வருகின்றன. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம், 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்று வைத்த இலக்கு எலக்ட்ரோலைசர்களை நம்பித்தான்.

துகள் வழியின் ஒரே பெரிய வாதம் விலை. கம்பி வேண்டாம், இன்வெர்ட்டர் வேண்டாம். ஒரு தூள், ஒரு தகடு, மேலே கண்ணாடி. திறன் 5 முதல் 10 சதவீதத்துக்கு உயர்ந்து, தகடு பல ஆண்டுகள் தாங்கினால் இந்தக் கணக்கு கட்டுப்படியாகும் என்பது துறையில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. ஆரஞ்சு நிறப் பொருள் ஒன்றில் அந்த 96ஐ யாராவது மறுபடி சாதித்தால் நிலைமை தலைகீழாகும். இப்போதைக்கு அப்படிப்பட்ட பொருள் கையில் இல்லை.

ஆனால் இந்த உழைப்பு துகளோடு நின்றுவிடுவதில்லை. ஆக்சிஜன் பக்கத்தில் நான்கு துளைகள் வந்து சேரும் அந்த மெதுவான வினை, எலக்ட்ரோலைசருக்குள்ளும் அதே வினைதான். அமில வகை எலக்ட்ரோலைசர்கள் அதற்கு இரிடியத்தை நம்பியிருக்கின்றன. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சில டன் மட்டுமே கிடைக்கும் உலோகம் அது. ஒளி வினையூக்கிக்காகத் தேடிய நிக்கல், கோபால்ட், இரும்புச் சேர்மங்கள் பலவற்றை அப்படியே மின்வாயிலும் பூசிப் பார்க்கலாம், பார்க்கிறார்கள். சிக்ரிக்கு இந்த வகை வேலை புதிதல்ல. காஸ்டிக் சோடா ஆலைகளுக்கான டைட்டானிய நேர்மின்வாய்களை உருவாக்கிய இடம் அது. அந்த ஆலைகளிலும் எதிர்மின்வாயில் ஹைட்ரஜன்தான் வருகிறது.

செட்டிநாட்டுக்கு மிக அருகில் பசுமை ஹைட்ரஜன் மையமாக அறிவிக்கப்பட்டிருப்பது தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம். அங்கிருந்து முதலில் வரப்போவது எலக்ட்ரோலைசர் ஹைட்ரஜன். அது போய்ச் சேரும் இடம் உர ஆலைகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் கப்பல் எரிபொருளும். சமையலறை அந்தப் பட்டியலில் வெகு பின்னால் வருகிறது.